விக்கும் லிஃப்ட்: அழுத்தத்தை அளந்தவர்களின் கதை

1

மாமாவின் டிராக்டருக்கு விக்கல் வந்திருந்தது. போனில் அவர் சொன்ன வார்த்தையே அதுதான்.

"கலப்பையத் தூக்கி நிறுத்துனா நிக்க மாட்டேங்குது மாப்ள. ரெண்டு விரக்கடை எறங்குது, டக்குனு தானா மேல வருது, திரும்ப எறங்குது. பஸ்ல ஒக்காந்து தூங்கி விழுவான் பாரு, அந்த மாதிரி தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு."

மன்னார்குடிப் பக்கம் ஆறு ஏக்கர் நிலம் அவருக்கு. சொந்த உழவைவிட அக்கம்பக்கத்து வாடகை உழவுதான் அந்த டிராக்டரின் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தது. அது எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. இந்த நோய்க்குக் கம்பெனி வித்தியாசம் கிடையாது. போன வருடமும் இதே விக்கல் வந்தது. ஊர் மெக்கானிக் ஹைட்ராலிக் பம்பு போய்விட்டது என்றார். புதுப் பம்பும் ஆயிலும் சேர்த்து 18,000 ரூபாய். அத்தையின் வளையல் ஒரு ஜோடி அடகுக்குப் போனது. நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. இப்போது சம்பா உழவு நெருங்கும் நேரத்தில் மறுபடி விக்கல். மறுபடி பம்புதான் என்றார்களாம்.

"பம்புதான்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க மாமா?"

"சத்தத்த வச்சுத்தான்."

"பிரஷர் கேஜ் வச்சுப் பாக்கலையா?"

"கேஜ் வீலா? அதான் ஒரு ஜோடி கொட்டாயில கெடக்கே."

சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரத்தைத்தான் அவர் சொன்னார். நான் கேட்டது, எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் வைத்த வட்டத்தை. மென்பொருள் வேலையில் ஒரு சர்வர் மெதுவானால் முதலில் லாக் பார்ப்போம். எதையும் பார்க்காமல் புது சர்வர் வாங்கச் சொல்பவரை அடுத்த மீட்டிங்கில் சேர்க்க மாட்டோம். ஆனால் அத்தையின் வளையல் ஒரு சத்தத்தை நம்பி அடகுக்குப் போயிருந்தது. அந்த எரிச்சலில்தான் டிராக்டர் ஹைட்ராலிக்ஸைச் சோதிக்க மலிவாக என்ன கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் முந்நூற்றைம்பது வருடம் பின்னால் கொண்டுபோய் விட்டது.

2

பிளேய்ஸ் பாஸ்கல் 1662-இல் இறந்தார். திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிவைத்திருந்தது அடுத்த ஆண்டு அச்சாயிற்று. அதில் ஒரு எளிய கருவி வருகிறது. நீர் நிரம்பிய மூடிய பாத்திரம். அதில் இரண்டு துளைகள், ஒன்று இன்னொன்றைவிட நூறு மடங்கு பெரியது. இரண்டிலும் இறுக்கமாகப் பொருந்தும் பிஸ்டன். சிறிய பிஸ்டனை ஒரே ஆள் அழுத்தினால், பெரிய பிஸ்டனை நூறு பேர் அழுத்துவதற்கு அது ஈடாகும் என்றார் பாஸ்கல். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். பரப்பு பெரிதானால் விசை பெரிதாகும்.

இதில் இலவசம் ஒன்றும் இல்லை. பெரிய பிஸ்டன் ஒரு விரக்கடை ஏற, சிறியது நூறு விரக்கடை இறங்க வேண்டும். டிராக்டர் பம்பு விடாமல் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

காகிதத்தில் இருந்த இந்தக் கருவி இரும்பாக மாற நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. லண்டனில் பூட்டுகள் செய்து பேர் வாங்கிய ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். கணக்கு ஏற்கனவே பாஸ்கலிடம் இருந்தது. பிராமாவைத் திணறடித்தது கசிவு. பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால் அது நகராது, தளர்வாக விட்டால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி இதற்குக் கண்டுபிடித்த தீர்வு ஒரு தோல் வளையம் என்று பொறியியல் வரலாறு சொல்கிறது. ஓரம் மடிந்த கிண்ண வடிவில் வெட்டிய தோல். உள்ளே அழுத்தம் ஏற ஏற, அந்த அழுத்தமே தோலின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். அழுத்தம் இறங்கினால் பிடியும் தளரும். தள்ளுகிற எதிரியையே காவலுக்கு வைத்த மாதிரி.

டன் கணக்கில் தூக்கும் யந்திரத்தின் உயிர் ஒரு தோல் துண்டில் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவின் டிராக்டருக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

3

அழுத்தத்தை உண்டாக்குவது ஒரு வேலை, அதை அளப்பது வேறு வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நீராவிக் கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று நம்பகமாகப் பார்க்க இருந்தது பாதரசக் குழாய். வளிமண்டல அழுத்தம் ஒன்றுக்கு 760 மில்லிமீட்டர் பாதரசம். பத்து மடங்கு அழுத்தம் என்றால் ஏழரை மீட்டருக்கு மேல் உயரமான கண்ணாடிக் குழாய் வேண்டும். ஆலையில் சுவரோரம் நிறுத்தலாம், ஓடும் ரயில் எஞ்சினில் முடியாது. இன்றைய டிராக்டர் ஹைட்ராலிக்ஸில் சாதாரணமாக இருக்கும் 200 பாரை அப்படி அளக்க வேண்டுமென்றால், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், 150 மீட்டர் உயரக் குழாய் தேவைப்படும்.

பாரிஸில் யூஜீன் பூர்தோன் என்ற பொறியாளர் இதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினார். சுருளாக வளைத்த உலோகக் குழாய் ஒன்று தவறுதலாக நசுங்கிவிட்டதாம். நசுங்கலை எடுக்க ஒரு முனையை அடைத்து மறுமுனையில் அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தினார்கள். நசுங்கல் நிமிர்ந்தபோது சுருளும் கொஞ்சம் பிரிந்தது. திருவிழாக் கடையில் விற்கும் ஊதினால் நீளும் பீப்பிக்கு நடப்பதுதான். 1849-இல் பூர்தோன் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தட்டையான குழாயை அரைவட்டமாக வளைத்து, ஒரு முனையை மூடி, மறுமுனையில் அழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். மூடிய முனை சில மில்லிமீட்டர் நகரும். அந்த நகர்வைச் சிறு பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும்.

1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் இந்தக் கருவிக்குப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு, அதே நகரத்தில், பிராமா கம்பெனி பல்லாண்டுகளாகச் சவால் விட்டிருந்த பூட்டை ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்து காட்டினார். பிராமாவின் பூட்டு தோற்ற வருடத்தில், அவருடைய பிரஸ்ஸுக்கு உள்ளே எட்டிப்பார்க்க ஒரு கண் கிடைத்தது.

நூற்று எழுபது வருடங்களுக்குப் பிறகும் கடையில் வாங்கும் மலிவான கேஜுக்குள் இருப்பது பூர்தோனின் வளைந்த குழாய்தான். என் துறையில் பத்து வருடம் மாறாமல் இருக்கும் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் யோசிக்க வேண்டியிருக்கும்.

4

ஹைட்ராலிக்ஸ் வயலுக்கு வந்த கதையில் முக்கியமான ஆள் ஹாரி ஃபெர்குசன். 1884-இல் அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909-இன் கடைசி நாளில், தானே செய்த விமானத்தில் பறந்து காட்டியவர். முதல் உலகப்போரின்போது உணவுப் பற்றாக்குறை. அரசு டிராக்டர்களை இறக்கி உழவைப் பெருக்கப் பார்த்தது. அயர்லாந்தில் ஓடிக்கொண்டிருந்த டிராக்டர்களின் வேலையை மேற்பார்வையிடும் பொறுப்பு ஃபெர்குசனுக்கும் அவருடைய உதவியாளர் வில்லி சாண்ட்ஸுக்கும் வந்தது.

அவர்கள் வயல் வயலாகப் போய்ப் பார்த்தார்கள். மாடு இழுத்த இடத்தில் டிராக்டரைக் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். கலப்பை பின்னால் சங்கிலியில் இழுபட்டு வந்தது. கொழு ஒரு பாறையில் மாட்டினால் மாடு நின்றுவிடும். டிராக்டர் நிற்காது. பின்சக்கரம் நகர முடியாதபோது எஞ்சின் தன் உடம்பையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர்மீது மல்லாந்து விழும். ஃபோர்ட்சன் போன்ற எடை குறைந்த டிராக்டர்களில் இப்படிப் பலர் இறந்தார்கள். எடையைக் கூட்டினால் மண் இறுகும், எரிபொருள் தின்னும், விலை ஏறும்.

ஃபெர்குசனின் பதில், கலப்பையையும் டிராக்டரையும் ஒரே உடம்பாக்குவது. கீழே இரண்டு கைகள், மேலே ஒன்று. இன்று உலகத்தின் எல்லா டிராக்டரின் முதுகிலும் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பு இதுதான். மண் கலப்பையைப் பின்னால் இழுக்கும்போது மேல்கை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் முன்சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்கும். 1925-இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை இன்னும் ஒரு படி போனது. மண் கடினமானால் மேல்கையில் விசை கூடும். அது ஒரு ஸ்பிரிங்கை அழுத்த, ஸ்பிரிங் ஹைட்ராலிக் வால்வைத் திறக்க, கலப்பை லேசாக மேலே ஏறும். கலப்பையின் எடையும் மண்ணின் இழுவையும் பின்சக்கரத்துக்கு மாறும். இரும்பைக் கூட்டாமல் எடை கிடைத்தது. பெரிய தடையில் மாட்டினால் அழுத்தம் விலகி, சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும், வண்டி மல்லாக்காது.

1936-இல் ஃபெர்குசன்–பிரவுன் டிராக்டர் வந்தது. 1938-இல் ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் எழுத்தில் எதுவும் இல்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1939-இல் 9என் டிராக்டர் வந்தது. போருக்குப் பிறகு ஃபோர்டின் பேரன் அந்தக் கைகுலுக்கலை முறித்துக்கொண்டு 1947-இல் சொந்தமாக 8என் டிராக்டரை இறக்கினார். ஃபெர்குசன் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அந்தச் சமரசத்தின் நிபந்தனைகளில் ஒன்று எனக்கு நேராக உதவியது. பம்பின் உறிஞ்சு பக்கத்தில் கட்டுப்பாட்டு வால்வு வைக்கும் ஃபெர்குசனின் முறையை ஃபோர்டு கைவிட வேண்டும்.

ஒரு வால்வின் இடத்துக்காகவா இவ்வளவு சண்டை? ஃபெர்குசன் முறையில் பம்பு எப்போதும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டிருக்காது. தூக்கச் சொல்லி லீவரை ஏற்றும்போதுதான் வால்வு திறந்து பம்பு எண்ணெயை உறிஞ்சும். தூக்கி முடித்ததும் வால்வு மூடும், பம்பு வெறுமனே சுற்றும். இப்போது சிலிண்டரில் எங்கோ கசிவு இருக்கிறது என்று வையுங்கள். கைகள் மெல்ல இறங்கும். இறங்கியதை வால்வு உணர்ந்து, கொஞ்சம் எண்ணெய் எடுத்துத் தூக்கும், மூடும். மறுபடி இறங்கும். மாமா சொன்ன விக்கல் இதுதான். எண்பது வருடத்துக்கு முந்தைய வழக்கைப் படித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இறங்குவது கசிவு. ஏற்றுவது பம்பு. விக்கும் டிராக்டரில் பம்பு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஃபெர்குசனின் டிஇ20, இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946-க்கும் 1956-க்கும் இடையே ஐந்து லட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி அந்த டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு தென்துருவத்தையே அடைந்தார். கம்பெனி மாசி–ஹாரிஸோடு இணைந்து மாசி ஃபெர்குசன் ஆனது. 1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கி மாசி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே செய்ய ஆரம்பித்தது. அதே 1960 அக்டோபரில் ஹாரி ஃபெர்குசன் இறந்தார். டெல்டாவின் சேற்றில் இன்று ஓடும் எந்த டிராக்டரின் பின்னாலும் அவருடைய மூன்று கைகள் இருக்கின்றன.

5

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஏமாந்தார்.

வில்மாட் குரோசியர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில விவசாயி. முதல் உலகப்போர்க் காலத்தில் 'ஃபோர்டு' என்று பெயர் போட்ட டிராக்டர் ஒன்றை வாங்கினார். அது ஹென்றி ஃபோர்டின் கம்பெனி கிடையாது. மின்னியாபொலிஸில் சிலர், ஃபோர்டு என்ற பெயருள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பெயரில் கம்பெனி நடத்தினார்கள். டிராக்டர் ஓடவில்லை. அடுத்து வாங்கிய இன்னொரு கம்பெனி டிராக்டரும் சரியில்லை. மூன்றாவதாக வாங்கிய ரூம்லி, சொன்ன வேலையைச் செய்தது. அதாவது நல்ல டிராக்டரும் சந்தையில் இருந்தது. எது நல்லது என்று காசு கொடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை.

குரோசியர் சட்டமன்றத்துக்குப் போனார். 1919-இல் நெப்ராஸ்கா டிராக்டர் சோதனைச் சட்டம் நிறைவேறியது. அந்த மாநிலத்தில் விற்கும் ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை மாநிலப் பல்கலைக்கழகம் சோதிக்கும். கம்பெனி விளம்பரத்தில் சொன்ன எண்ணும் சோதனையில் வந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வரும். உதிரிபாகம் மாநிலத்துக்குள்ளேயே கிடைக்கவும் வேண்டும். முதல் முழுச் சோதனை 1920-இல் முடிந்தது.

இந்தியாவில் அந்த வேலையை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிறுவனம் செய்கிறது. அதன் அறிக்கைகளைப் புரட்டினால் ஹைட்ராலிக்ஸுக்கு என்றே பக்கங்கள் இருக்கும். பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, ரிலீஃப் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது, இணைப்புப் புள்ளிகளிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் எவ்வளவு எடை தூக்குகிறது. தூக்கிய எடை அரை மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதும் உண்டு. மாமாவின் விக்கலுக்கு அரசாங்கக் காகிதத்தில் ஒரு அட்டவணையே இருந்தது.

ஆனால் அது கம்பெனியிலிருந்து வந்த புது வண்டிக்கு. ஏழு வருடம் சேற்றில் ஓடிய வண்டிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வராது. அந்தச் சோதனையை நாமே கொட்டகையில் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவு, தப்பாக ஒரு பாகத்தை மாற்றும் செலவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். என் தேடலின் மொத்தக் கணக்கும் இவ்வளவுதான்.

6

முறையான கருவி ஒன்று இருக்கிறது. பாய்வுமானி, அழுத்தமானி, எண்ணெயின் வழியை மெல்ல அடைக்கும் வால்வு மூன்றும் ஒரே பெட்டியில். பம்புக்குப் படிப்படியாகச் சுமையேற்றி, எந்த அழுத்தத்தில் எத்தனை லிட்டர் வருகிறது என்று பார்க்கலாம். விலை கேட்டேன். அரை லட்சத்துக்குப் பக்கத்தில் சொன்னார்கள். மூன்று பம்பு வாங்கிவிடலாம்.

அடுத்து என் புத்தி போன இடம் டிஜிட்டல் சென்சார். போனில் வரைபடம் வரும், தரவைச் சேமிக்கலாம். அதை மாமாவிடம் விவரித்தபோது மறுமுனையில் மௌனம். பிறகு, "நீ ஊருக்குப் போனப்பறம் அத யாரு பாப்பா?" என்றார். முள்ளோடு நின்றேன்.

முள் வாங்குவதிலும் தேர்வுகள் உண்டு. எங்கள் டிராக்டரின் கையேட்டில் ரிலீஃப் வால்வு 170 முதல் 180 பார் என்று இருந்தது. பூர்தோன் குழாயை அதன் எல்லை வரை நீட்டிக்கொண்டே இருந்தால் சோர்ந்துவிடும். நிலையான அழுத்தம் அளவுகோலின் முக்கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நடைமுறை. 160 பார் கேஜ் உடைந்துபோகும். 600 பார் கேஜில் நமக்கு வேண்டிய இடம் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். 250 பார் சரியாகப் பொருந்தியது. முகப்பு 63 மில்லிமீட்டர், துல்லியம் 1.6 வகுப்பு. முழு அளவில் 1.6 சதவீதம், அதாவது 4 பார் முன்னே பின்னே இருக்கலாம். பம்பு போயிற்றா இல்லையா என்ற கேள்விக்கு 4 பார் ஒரு பொருட்டே இல்லை. கிளிசரின் நிரப்பியதாக வாங்கினேன். பம்பின் ஒவ்வொரு பிஸ்டன் துடிப்புக்கும் முள் நடுங்காமல் கிளிசரின் அதைப் பிடித்துக்கொள்ளும். விலை ஆயிரம் ரூபாய்க்குள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் குழாயும் இணைப்பும். 170 பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 170 கிலோவுக்கு மேல். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நிப்பிளும் யூனியனும் அதற்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. மரைகளும் பல ஜாதி. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். பலவந்தமாக ஏற்றினால் அழுத்தத்தில் தெறிக்கும். அதனால் பிளக்கைக் கழற்றி எடுத்துப்போய், ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தித் தரும் கடையில் காட்டி, அதற்கேற்ற ஹோஸும் டீ இணைப்பும் செய்துகொண்டோம். கேஜைவிட இதற்குத்தான் காசு அதிகம் ஆனது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வலி குறைவாக இருக்கும், விரலே போகலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும்.

கேஜ் உண்மை சொல்கிறதா என்று எப்படித் தெரியும்? டவுனில் டீசல் பம்பு, நாசில் சர்வீஸ் கடை ஒன்று இருந்தது. இன்ஜெக்டர் எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று பார்க்க அவர்களிடம் கையால் அடிக்கும் நாசில் டெஸ்டர் உண்டு, அதில் நல்ல கேஜும் உண்டு. ஒரு டீ செலவில் இரண்டையும் சேர்த்து மாட்டிப் பார்த்தோம். 3 பார் வித்தியாசம்.

அழுத்தம் மட்டும் போதாது. தேய்ந்த பம்பும் முட்டுச்சந்தில் நின்றால் அழுத்தத்தைக் காட்டிவிடும், அளவோடு எண்ணெய் தள்ளத்தான் திணறும். அரை லட்சம் கேட்ட பாய்வுமானிக்குப் பதிலாகப் பங்காளி வீட்டு டிப்பர் டிரெய்லரை இரவல் கேட்டோம். அதன் ஜாக்கி சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர், நீட்சி 600 மில்லிமீட்டர். கொள்ளளவு 3 லிட்டர். முழுக்க நீள 12 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது என்று பொருள். போன் ஸ்டாப்வாட்ச் இலவசம்.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தோம். மெக்கானிக் அண்ணனையும் மாமா கூப்பிட்டிருந்தார். போன வருடம் பம்பு மாற்றியவர் அவர்தான். கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆயில் சூடாக வேண்டும் என்பதற்காக மாமா ஒரு மணி நேரம் உழுதுவிட்டு வந்தார். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருந்து கசிவை மறைத்துவிடும்.

திருகியை டிப்பர் பக்கம் திருப்பி, லிஃப்ட் சிலிண்டரைத் தனியாக அடைத்தோம். டிரெய்லரில் மணல். ஜாக்கி நீண்டது. 13 விநாடி. நிமிடத்துக்கு 14 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, கையேடு சொன்னது 16. கடைசி வரை நீண்டதும் முள் ஏறி 174-இல் நின்றது, ரிலீஃப் வால்வு கீச்சென்று கத்தியது. உடனே லீவரை இறக்கினேன்.

அண்ணன் கிட்டே வந்தார். "இன்னொருக்கா போடுங்க தம்பி" என்றார். போட்டோம். அதே 174.

பிறகு திருகியை லிஃப்ட் பக்கம் மாற்றி, கலப்பையின் மேல் நான்கு மூட்டை நெல்லை ஏற்றித் தூக்கி, எஞ்சினை நிறுத்தினோம். கொழு நுனியின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்தோம். பத்து நிமிடத்தில் ஒரு சாண் இறங்கியிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பம்பு சரி, ரிலீஃப் வால்வு சரி. எண்ணெய் ஓடுவது லிஃப்டுக்குள்ளே.

மதியத்துக்குள் அண்ணன் மேல்மூடியைக் கழற்றிவிட்டார். பிஸ்டனில் இருந்த ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி, நகம் கிள்ளியதுபோல வெட்டுப்பட்டிருந்தது. சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை. புது ஓ-ரிங்கின் விலை நூறு ரூபாய்கூட இல்லை.

மாட்ஸ்லியின் தோல் வளையத்தின் பேரப்பிள்ளை அது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் எழுபது வயதைத் தாண்டியபின், 1937-இல் அதற்குக் காப்புரிமை கேட்டார், 1939-இல் கிடைத்தது. ஒரு பள்ளம், அதற்குள் ஒரு ரப்பர் வளையம். உள்ளே ஏறும் அழுத்தமே வளையத்தைத் தள்ளி இடுக்கை அடைக்கும். தோலுக்குச் சொன்ன அதே தந்திரம். போர்க்காலத்தில் விமானங்களின் ஹைட்ராலிக்ஸில் புகுந்து, பிறகு எல்லா யந்திரங்களுக்கும் போனது.

அப்படியானால் போன வருடம் புதுப் பம்பு போட்டதும் நாலு மாதம் ஏன் சரியானது? புது ஆயில் கெட்டியாக இருந்தது. புதுப் பம்பு கொஞ்சம் அதிகம் தள்ளியது. வெட்டு இன்னும் சிறிதாக இருந்திருக்கும். தப்பான மருந்தும் சில நாள் கேட்கும்.

8

மூடியை மாட்டிவிட்டு அண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எதையும் கேட்கவில்லை, அவரே பேசினார்.

"பதினஞ்சு வயசுலேருந்து சத்தத்த வச்சுத்தான் தம்பி பாக்குறேன். பத்துக்கு ஏழு சரியா இருக்கும். இந்த மீட்டர் இருக்குன்னு தெரியாம இல்ல. பார்ட்ஸ் மாத்துனா காசு குடுப்பாங்க. பாத்துச் சொன்னதுக்கு யாரு குடுக்குறா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அலுவலகத்தில் எனக்குச் சம்பளமே பெரும்பாலும் பார்த்துச் சொல்வதற்குத்தான். பிழை எங்கே என்று இரண்டு நாள் தேடி, ஒரே ஒரு வரியை மாற்றினால் பாராட்டுகிறார்கள். அவர் அரை நாள் தேடி ஒரு ஓ-ரிங்கை மாற்றினால், நூறு ரூபாய் சாமானுக்கு இவ்வளவு கூலியா என்பார்கள். நாங்களும் போன வருடம் சோதனைக்குத் தனியாக ஐநூறு கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்போம். குரோசியரின் சட்டம் இந்த இடத்தைத்தான் தொட்டது என்று தோன்றியது. அளப்பதற்கான செலவை ஏமாந்தவன் தலையில் கட்டாமல் பொதுவில் வைத்தது.

அன்றைய கூலியோடு சோதனைக்கென்று தனியாக ஐநூறு ரூபாயை மாமா எடுத்து நீட்டினார். அண்ணன் தயங்கி வாங்கிக்கொண்டார். கேஜையும் ஹோஸையும் அவரிடமே கொடுத்தேன். ஒரே நிபந்தனை, மாமா கேட்டால் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் அது வருடத்துக்கு ஒரு தடவை கண் விழிக்கும். அவரிடம் இருந்தால் வாரத்துக்கு நாலு தடவை.

கிளம்பும்போது அத்தை திண்ணையிலிருந்து கேட்டார். "அப்ப அந்தப் பழைய பம்பு நல்லாத்தான் இருந்துச்சா?"

மாமா கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பம்பு கொட்டாயில் கோணிக்குள் கிடந்தது. அண்ணன் அதை எடுத்து, மண்ணைத் தட்டி, வண்டியில் வைத்துக்கொண்டார். நிஜமாகவே பம்பு போன வண்டி ஏதாவது வந்தால் மாட்டிப் பார்ப்பதாகவும், மீட்டரில் காட்டிவிட்டுத்தான் விற்பதாகவும், பணம் அக்காவுக்கு என்றும் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து மாமா ஒரு படம் அனுப்பினார். யாருடைய டிராக்டரோ தெரியவில்லை. பின்னால் வெயில், எண்ணெய்ப் பிசுக்கேறிய விரல்கள், நடுவே வட்டமான முகப்பு. முள் 168-இல் நின்றிருந்தது.